திண்ணையில் நீ கேட்ட கேள்விகள்

அன்புள்ள தோழிக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நேற்று ராத்திரி இரண்டு தடவை கேட்டேன். உடனே போன் போடலாம் என்றுதான் எடுத்தேன். ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். நீயும் பாப்பாவும் வைத்திருந்து திரும்பப் படிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே எல்லாரும் நலம். பெரியவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, காலையில் ஒழுங்காக நடக்கப் போகிறார். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது பேப்பரில் வரன் விளம்பரம் வரைக்கும் விடாமல் படிக்கிறாள். உன் மாமியாருக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அடுத்த தடவை மறக்காமல் எழுது.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். நர்சிங் சேர்ந்து மூன்று மாதம், உடம்பின் அமைப்பையும் இயக்கத்தையும் சொல்கிற அனாட்டமி பிசியாலஜி உள்தேர்வில் 75-க்கு 22. "ராப்பகலா படிக்கிறா, மண்டையில ஏறலையாம், விட்டுட்டு வந்துடறேங்கிறா" என்றாய். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கடைசியில், "நான் தமிழ் படிச்சவ, இதுல எனக்கு என்ன தெரியும், எப்படி ஒத்தாசை பண்ண முடியும்" என்றாய் பார், அதுதான் தூங்கவிடவில்லை. எனக்கு அனாட்டமி வந்ததே உன்னால்தானே!

முதல் வருஷத்தில் அதே பாடத்தில் பெயிலாகி நான் ஊருக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? அந்த ஒரு மாதமும் சாயங்காலம் உங்கள் வீட்டுத் திண்ணைதான் எனக்கு வகுப்பறை. நீ மடியில் முல்லை அரும்பைக் கொட்டிக்கொண்டு பூக் கட்டுவாய். என் புத்தகம் உன் பக்கத்தில் திறந்து கிடக்கும். எழுத்துக் கூட்டி ஒரு பெயரைப் படித்து, "இது எங்க இருக்கு, என்ன வேலை செய்யுது?" என்று கேட்பாய். எனக்கு வராவிட்டால் பதிலைச் சொல்லிவிட மாட்டாய். பேசாமல் பூவைக் கட்டிக்கொண்டே இருப்பாய். அந்த மௌனத்தில் நான் தவித்துத் தேடி எடுத்த பதில் ஒன்றுகூட இன்று வரை மறக்கவில்லை.

ஒருநாள் கழுத்துத் தசை ஒன்றின் பெயர் உன் வாயில் நுழையவில்லை. ஸ்டெர்னோகிளெய்டோமாஸ்டாய்டு. மூன்றாக உடைத்துப் படித்துவிட்டு, "ஒவ்வொரு துண்டுக்கும் அர்த்தம் இருக்குமே, என்ன?" என்று கேட்டாய். பதம் பிரிக்கிற பழக்கம், தமிழ் படித்தவள் அல்லவா! தேடிப் பார்த்தால் ஸ்டெர்னம் என்பது மார்பெலும்பு. கிளெய்டோ என்பது காறை எலும்பு. மாஸ்டாய்டு என்பது காதுக்குப் பின்னால் கை வைத்தால் முட்டிக்கொண்டிருக்கும் எலும்பு மேடு. அந்தத் தசை மார்பெலும்பிலும் காறை எலும்பிலும் புறப்பட்டு, காதுக்குப் பின்னால் போய் ஒட்டுகிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற முழுப் பதிலும் பெயருக்குள்ளேயே இருந்தது. உன் முகத்தை இடது பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்தோம். கழுத்தின் வலது பக்கம் கயிறு மாதிரி அது எழும்பி நின்றது. இருபது வருஷமாக முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், இன்றும் முதல் வகுப்பில் இந்தத் தசையைத்தான் சொல்கிறேன்.

பாப்பா எப்படிப் படிக்கிறாள் என்று பார்க்காமலே என்னால் சொல்ல முடியும். புத்தகம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர். அழகான கையெழுத்தில் நோட்டு நோட்டாகப் பார்த்து எழுதியிருப்பாள். படிக்கும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும், பரிட்சைத் தாளைப் பார்த்ததும் ஒன்றும் வராது. கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்க்கிறோம், முகம் நன்றாகத் தெரிகிறது, பேர் வரமாட்டேன் என்கிறது, அது மாதிரிதான். பத்துத் தடவை படித்தால் பக்கத்தின் முகம்தான் பழகும். பேரைச் சொல்ல வேண்டுமானால் பேரைச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

இதை அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 2006-இல் எழுதினார்கள். ஒரு பத்தியை மாணவர்கள் படித்தார்கள். பிறகு ஒரு தரப்பு அதையே இன்னொரு முறை படித்தது, இன்னொரு தரப்பு அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. 5 நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். பரிட்சை 5 நிமிஷத்தில் வருவதில்லையே. பாப்பாவிடம் இந்த ஒன்றை மட்டுமாவது நன்றாகச் சொல்: படிப்பது என்றால் புத்தகத்தை மூடிவிட்டுச் செய்கிற வேலை.

அவளுக்குத் தமிழ் மீடியம் என்கிற பயம் வேறு இருக்கும். கிட்னி என்கிறார்கள், அடுத்த வரியில் ரீனல் என்கிறார்கள், அதற்கடுத்த வரியில் நெஃப்ரோ என்கிறார்கள்; மூன்றும் வேறு வேறு என்று குழந்தை குழம்பிப்போகிறது. ரீனல் லத்தீனிலிருந்து வந்தது, நெஃப்ரோ கிரேக்கத்திலிருந்து வந்தது, பொருள் ஒன்றுதான். நம் ஊரிலும் அப்படித்தானே? கறிக்கடையில் குண்டிக்காய், பாடப் புத்தகத்தில் சிறுநீரகம். கடையில் சுவரொட்டி, புத்தகத்தில் மண்ணீரல். இதை இப்படிச் சொன்னால் பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், நானே பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன நோட்டுப் போட்டு, இந்த வேர்ச்சொற்களை மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து எழுதட்டும். ஆஸ்டியோ எலும்பு, மையோ தசை, ஹெப்பட்டோ கல்லீரல், ஐட்டிஸ் அழற்சி. ஒரு மாதத்தில் நூற்றைம்பது சொல் கைக்கு வந்துவிடும், அப்புறம் புதுப் பெயரைப் பார்த்தால் தானாகப் பிரிக்கத் தொடங்கிவிடுவாள். உன் மகள்தானே. விளக்கத்தை முதலில் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லட்டும், வெட்கப்பட வேண்டாம். புரிந்த பிறகு பெயர்களை ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்வது சின்ன வேலை.

பல்கலைக்கழகத் தேர்வில் இரண்டும் ஒரே தாள். அனாட்டமிக்கு 37 மார்க், பிசியாலஜிக்கு 38. இரண்டையும் ஒரே மாதிரி படிக்கக் கூடாது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அனாட்டமி என்பது ஊர் வழி மாதிரி. எது எங்கே, எதற்குப் பக்கத்தில், எதன் அடியில். அதைப் படிக்க அவளுடைய உடம்பே போதும். முன்கையில் இரண்டு எலும்பு, ரேடியஸ், அல்நா. எது எந்தப் பக்கம் என்று பாதிப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். நாடி பார்க்கிறோமே, கட்டைவிரல் பக்கம், அது ரேடியல் தமனி; அங்கே இருப்பது ரேடியஸ். முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரைக்கும் சுரீர் என்று இழுக்குமே, அது அல்நார் நரம்பு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்நா. இனி மறக்குமா? விரல்கள், உள்ளங்கை, மணிக்கட்டு எல்லாம் சேர்த்து எண்ணினால் ஒரு கையில் 27 எலும்பு. தன் கையைத் தானே தடவித் தடவிப் படிக்கலாம். பஸ்ஸில் உட்கார்ந்தும் படிக்கலாம்.

படம் வரைவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பார்த்து வரைந்து கலர் அடிப்பதால் ஒரு பயனும் இல்லை. வெள்ளைத் தாளை எடுத்து, ஐந்து நிமிஷத்தில், பார்க்காமல் இதயத்தை வரையட்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனாவால் சேர்க்கட்டும். மறுநாள் மறுபடியும் வெள்ளைத் தாள். சிவப்பு குறைந்துகொண்டே வரும், அதைப் பார்க்கப் பார்க்கத் தைரியம் வரும். இதயப் படத்தில் நிறையப் பேர் வலது இடது மாற்றி எழுதிவிடுவார்கள். படத்தை வெளியே பார்த்த மாதிரி தன் நெஞ்சில் வைத்துக்கொண்டால் போதும், வலது தன் வலது பக்கம் வந்துவிடும்.

பிசியாலஜி வேறு. அது கதை. ஒன்று நடந்தால் அதனால் இன்னொன்று, அதனால் மற்றொன்று. அதை மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு வரி விட்டுப்போனதும் மொத்தமும் அறுந்துவிடும். "அப்புறம்? ஏன்?" என்று கேட்டுக் கேட்டுப் போக வேண்டும். வெயிலில் நாள் முழுக்க நடவு செய்துவிட்டு வருகிறவர்களுக்குச் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும், நீ அறியாததா? ஏன்? வியர்வையில் தண்ணீர் போனதால் ரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. அப்புறம்? மூளையில் ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து தாகத்தைத் தூண்டுகிறது. மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ஏடிஹெச் என்ற ஹார்மோன் வெளியேறுகிறது. அப்புறம்? அது சிறுநீரகத்துக்குப் போய், சேகரிப்புக் குழாயில் தண்ணீரைக் கூடுதலாகத் திரும்ப உறிஞ்ச வைக்கிறது. அதனால் சிறுநீர் குறைகிறது, நிறம் கூடுகிறது. இவ்வளவுதான், பத்து மார்க் கேள்வியின் எலும்புக்கூடு இதற்குள் இருக்கிறது.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகிறது, வெளியே போவது சுமார் 1.5 லிட்டர்தான். உங்கள் கொல்லையில் இருக்கிற 200 லிட்டர் நீல டிரம்மை அவளுக்குக் காட்டு. தினமும் கிட்டத்தட்ட அவ்வளவையும் வடித்து, ஒன்றரை லிட்டரைத் தவிர மற்றதெல்லாவற்றையும் உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. எனக்கு இன்றைக்கும் இதை வகுப்பில் சொல்லும்போது உடம்பு சிலிர்க்கும். இந்த வியப்பு ஒருமுறை அவளுக்குள் வந்துவிட்டால் நீயும் நானும் தள்ள வேண்டியதில்லை.

இடைவெளி விட்டுப் படிப்பதும் முக்கியம். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885-இலேயே காட்டியிருக்கிறார், படித்தது முதல் நாளிலேயேதான் வேகமாக மறக்கிறது. அதனால் இன்று நடத்திய பாடத்தை இன்று ராத்திரி பத்து நிமிஷம், மூன்றாம் நாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை, பார்க்காமல் சொல்லிப் பார்க்க வேண்டும். பரிட்சைக்கு முந்தின ராத்திரி கண் விழிப்பதை மட்டும் விடச் சொல். படித்தது உள்ளே படிய உறக்கம் வேண்டும்.

இனி உன் வேலை. தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு ஹாஸ்டலுக்குப் போன் போடு. அவள் அன்றைக்கு நடந்த பாடத்தின் தலைப்புகளை மட்டும் உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். நீ ஒவ்வொன்றாகப் படித்து, "இது எங்கே இருக்கு, என்ன வேலை செய்யுது, கெட்டுப்போனா என்ன ஆகும்?" என்று கேள். அவள் தமிழில் உனக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். உனக்குப் புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல், தயங்காதே. அங்கேதான் அவளுக்கும் புரியவில்லை என்று அர்த்தம். அவள் தடுமாறினால் அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்காதே. அன்றைக்குப் பூக் கட்டிக்கொண்டு இருந்தாயே, அப்படியே இரு. உனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் உன் பலம், நம்பு.

பொங்கல் லீவுக்கு அவள் வருவாள் இல்லையா, நானும் மாட்டுப் பொங்கல் கழிந்து இரண்டு நாள் அங்கே வருகிறேன். கறிக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வை: ஆட்டு இதயம் ஒன்று, குண்டிக்காய் இரண்டு, நறுக்காமல் முழுசாக வேண்டும். நான் பிளேடும் கையுறையும் எடுத்து வருகிறேன். இதயத்தைப் பிளந்தால் இடது கீழறையின் சுவர் வலதைவிட எவ்வளவு தடிப்பு என்று விரலாலேயே தெரியும். ஒன்று நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் தள்ளுவது, இன்னொன்று உடம்பு முழுக்கத் தள்ளுவது. வால்வுகளை இழுத்துப் பிடிக்கிற நூல் மாதிரியான இழைகளையும் அவளே தூக்கிப் பார்க்கட்டும். குண்டிக்காயில் மட்டும் ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும், மனிதருக்கு உள்ளே கூம்பு கூம்பாகத் தனித்தனியாக இருக்கிற பிரமிடுகள் ஆட்டில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

நல்லி எலும்பு கிடைத்தால் அதையும் வாங்கி வை, நீளவாக்கில் பிளந்து தரச் சொல். பழைய நாள் மாதிரி கொஞ்சம் முல்லை அரும்பும் வாங்கி வை.

அன்புடன்,
உன் எதிர்வீட்டுக்காரி