கடை மாறுது, பேட்மிண்டன் ராக்கெட் கொடுத்தவங்க கவனிங்க

மதுரை டவுன்ஹால் ரோட்டில் நாம வழக்கமாப் போற பழைய ஸ்போர்ட்ஸ் கடை வர்ற ஞாயிறு மேலமாசி வீதிக்கு மாறுது. ஸ்டிரிங் (நரம்பு) போடக் கொடுத்த ராக்கெட்டை வெள்ளிக்குள்ள ரசீதோட போய் வாங்கிருங்க. மூட்டை கட்டிட்டா தேடி எடுக்கிறது பெரும்பாடு.

நரம்பு கட்டுற மெஷினை இடம் மாத்தும்போது, அது நரம்பை இழுக்கிற அளவு பிசகலாம். 24 பவுண்டு வச்சாலும் 22தான் ஏறலாம். ஸ்பிரிங் தராசு மாட்டிச் சரிபார்த்தாச்சான்னு கேட்டுட்டே கொடுங்க.

கடை மாறி முடியறதுக்குள்ள ராக்கெட்ல ஒரு நரம்பு அறுந்தா மிச்சத்தை அப்படியே விடாதீங்க. நடுவிலிருந்து வெளிப்பக்கமா மொத்தத்தையும் உடனே வெட்டிருங்க. இழுப்பு ஒருபக்கமா நின்னா ஃபிரேம் கோணிரும். வெயில்ல நிக்கிற கார் டிக்கியிலயும் போடாதீங்க.

மாசி வீதிக்குக் காரை எடுக்காதீங்க, நிறுத்த இடமிருக்காது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போயிரலாம்.