அந்தக் கைதட்டல் யாருடையது? இசைச் செயலி நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டியல் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இதே பொருள் குறித்துத் தங்களுக்கு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பி, மூன்றுக்கும் ‘தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்பு வாய்ந்தது’ என்ற ஒரே விடையைப் பெற்ற சந்தாதாரர் நான். நான்காவதையும் இயந்திரத்துக்கே எழுதுவானேன் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பெயரில் 1968இல் வெளியான ‘லைவ்’ என்ற இசைத்தட்டு, தங்கள் செயலியில் ‘கச்சேரிப் பதிவுகள்’ என்ற பிரிவில், ரசிகர்களின் ஆரவாரத்துக்கு நடுவே பதிவானது என்ற குறிப்புடன் இன்றும் இருக்கிறது. அது கச்சேரிப் பதிவு அன்று. ஸ்டூடியோவில் பதிவாகி மிஞ்சிக் கிடந்த பாட்டுகளின்மேல் எங்கிருந்தோ எடுத்த கைதட்டலை ஒட்டி, அந்தக் குழுவின் இசைத்தட்டுக் கம்பெனியான இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் விற்ற தட்டு அது. ராக் இசையின் வரலாற்றை ஓரளவு படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி இது. தங்களுக்கும் தெரியாமல் இருக்க வழியில்லை. அந்தக் குறிப்பை நீக்கிவிட்டு நடந்ததை எழுதுங்கள் என்பதே என் கோரிக்கை.

இது எனக்குத் தெரியவந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் கூடிப் பாட்டுக் கேட்பது வழக்கம். சென்ற கூட்டத்தில் என் முறை வந்தபோது, தங்கள் குறிப்பை நம்பி, ‘இவர்கள் மேடையில் எப்படி இருந்தார்கள் என்று இதில் கேட்கலாம்’ என்று பெரிய முன்னுரை கொடுத்து அந்தத் தட்டை ஓடவிட்டேன். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களோடு உட்காருவார், அதிகம் பேசமாட்டார். இரண்டாவது பாட்டு முடிந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். “தம்பி, பாட்டு ஒரு ரூம்ல இருக்கு, கைதட்டு வேற ரூம்ல இருக்கு. தட்டுறவங்க இந்தப் பாட்டைக் கேட்ட மாதிரியே தெரியலையே” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று நான் வழிந்த அசடு இருக்கட்டும். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் அந்தக் கைதட்டல் எவ்வளவு கொடுமையானது என்பது உறைத்தது.

1965ஆம் ஆண்டின் இறுதியில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் சேர்ந்த இளைஞர்கள் இவர்கள். தொண்டை கிழியப் பாடிய ராக்கி எரிக்சனுக்கு அப்போது 18 வயது. ஸ்டேசி சதர்லண்ட் கிதார், ஜான் ஐக் வால்டன் டிரம்ஸ், பென்னி தர்மன் பேஸ். பாட்டு எழுதிய டாமி ஹால் ஒரு மண்ஜாடியை வாயருகே பிடித்து, அதன் வாயில் மைக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, ஜாடிக்குள் குரலால் ‘குடுகுடு’வென்று ஓசை எழுப்புவார். நம் ஊர்க் கடம் போலத் தட்டுவதில்லை. புறாக்கூண்டு ஒன்றின் சத்தத்தைப் பதிவுசெய்து விரைவாக ஓடவிட்டது போலிருக்கும் அந்த ஓசை, வேறு எந்தக் குழுவிலும் கேட்காதது. (தங்கள் செயலியில் அவருக்குப் ‘பிற கருவிகள்’ என்று போட்டிருக்கிறீர்கள்.) 1966இல் ‘யூ ஆர் கானா மிஸ் மீ’ என்ற பாட்டு அமெரிக்கத் தேசியப் பட்டியலில் 55ஆம் இடம் வரை ஏறியது, போதையின் மயக்க அனுபவத்தைக் குறிக்கும் ‘சைக்கடெலிக்’ என்ற சொல்லை முகப்பிலேயே தாங்கிய முதல் இசைத்தட்டுகளில் ஒன்றை அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்டார்கள். தொலைக்காட்சியில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் டிக் கிளார்க், “உங்களில் தலைவர் யார்?” என்று கேட்டபோது, “நாங்கள் எல்லோருமே தலைகள்தாம்” என்றார் டாமி ஹால். ‘தலை’ என்றால் அந்நாளைய வழக்கில் போதைப் பழக்கக்காரர் என்றும் பொருள். நாடே பார்த்துக்கொண்டிருந்த நிகழ்ச்சியில் அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பிய ஊர், கஞ்சா வழக்குகளில் அமெரிக்காவிலேயே மிகக் கடுமையான சட்டம் நடந்த டெக்சஸ்.

இனி 1968. அந்த ஆண்டில் ராக்கி மேடையில் பொருளற்றவற்றைப் பேசத் தொடங்கினார். மனச்சிதைவு நோய் என்று கண்டறிந்து, மருத்துவமனையில் சேர்த்து, மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பாடகர் மேடை ஏற முடியாமல் போன அதே ஆண்டில்தான், அவர் முன்பு ஸ்டூடியோவில் பாடிவைத்தவற்றைத் தூசி தட்டி எடுத்து, கூட்டம் கைதட்டுவதாகச் சேர்த்து, ‘லைவ்’ என்று பெயரிட்டுக் கடைக்கு அனுப்பினார்கள். தயவுசெய்து இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அவர் மருந்தில் மயங்கிக் கிடந்தபோது, நடக்காத கச்சேரிக்கு, இல்லாத கூட்டம் கைதட்டியிருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் அந்தக் கைதட்டலைத் தாங்கள் நிறுத்தவில்லை.

அடுத்த ஆண்டு ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டுக்காக ராக்கி கைதானார். நீண்ட சிறைத்தண்டனைக்கு அஞ்சி, மனநலம் குன்றியவர் என்று வாதாடி, கடைசியில் ரஸ்க் என்ற ஊரிலிருந்த அரசு மனநல மருத்துவமனையில், குற்றவாளிகளுக்கான பிரிவில் 1972 வரை அடைபட்டுக் கிடந்தார். மின்னதிர்ச்சியும் தோரசின் என்ற மனநோய் மருந்தும் அங்கும் தொடர்ந்தன. அங்கேயும் கொலைக் குற்றவாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு அமைத்துப் பாடினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஸ்டேசி சதர்லண்ட் சிறைக்குப் போய்த் திரும்பி, 1978இல் ஹூஸ்டனில் தம் வீட்டிலேயே துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்.

இத்தனையையும் தங்கள் அறிமுகக் குறிப்பு ‘போதையால் அழிந்த குழு’ என்ற மூன்று சொற்களில் முடித்துவிடுகிறது. போதைக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை உட்கொள்வதை ஒரு சமயநெறி போலவே டாமி ஹால் போதித்தார். அதற்கு ராக்கி கொடுத்த விலையில் ஹாலுக்கும் பொறுப்புண்டு. ஆனால் காவல்துறையும் நீதிமன்றமும் மருத்துவமனையும் கம்பெனியும் ஆளுக்கொரு கை பிடித்துத் தள்ளியதை விட்டுவிட்டு, விழுந்தவனை மட்டும் குற்றம் சொல்லலாமா?

சொல்லப்போனால், இதைத் தங்களிடம் எதிர்பார்ப்பதே பேராசையோ என்னவோ. தமிழ்த் திரைப்பாடல்களின் பக்கத்தில் பாதிக்குமேல் பாடலாசிரியர் பெயரே கிடையாது. 1960களில் வந்த பாட்டுக்கு மறுபதிப்பு வெளியான ஆண்டைப் போட்டு, அது ‘புதிய வெளியீடு’ என்று அறிவிப்பு வேறு அனுப்புகிறீர்கள். எலிவேட்டர்ஸ் பாட்டு முடிந்ததும் ‘தங்கள் ரசனைக்கேற்ப’ என்று தூங்குவதற்கான மழைச்சத்தத்தை ஓடவிட்டீர்கள். என் ரசனையை இவ்வளவு நுட்பமாகக் கணிக்கும் தங்களுக்கு, ஒரு வரியைத் திருத்த மட்டும் நேரமில்லை. மன்னிக்கவும், விஷயத்தை விட்டு விலகிவிட்டேன்.

கைதட்டல்தான் வேண்டுமென்றால், உண்மையானது ஒன்று இருக்கிறது. இவர்களுடைய ‘லெவிடேஷன்’ பாட்டின் பெயரையே சூட்டிக்கொண்ட விழாவில், 2015 மே மாதம், ஆஸ்டினில் ராக்கியும் டாமி ஹாலும் வால்டனும், பழைய பேஸ் கலைஞர் ரானி லெதர்மனும் ஒரே மேடையில் ஏறினார்கள். அன்று தட்டியவர்கள் பாட்டைக் கேட்டுத் தட்டினார்கள். ராக்கி 2019இல் காலமானார்.

ஆகவே, பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். ‘லைவ்’ தட்டைக் கச்சேரிப் பதிவுகள் பிரிவிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘இது ஸ்டூடியோப் பதிவு; கைதட்டல் பின்னர் சேர்க்கப்பட்டது’ என்று எழுதுங்கள். தட்டையே நீக்கிவிடச் சொல்லவில்லை. கைதட்டலுக்கு அடியில் இருப்பது ராக்கியின் குரல், அது வேண்டும். டாமி ஹாலின் பெயருக்கு எதிரே ‘மின் ஜாடி’ என்று போடுவதும் தங்களுக்குப் பெரிய வேலையாக இராது.

எங்கள் அடுத்த கூட்டம் வரும் மாத இரண்டாம் ஞாயிறு. அந்தப் பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கள் பக்கத்தைத் திறந்து அவரிடம் காட்டுவதாக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாதம் தவறாமல் சந்தா கட்டும் ஒருவர்