பெயர் மாறிய மண்டபம்

அன்புள்ள கதிரேசா,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். உன் கடிதம் எட்டு மாதமாக மேசையில் கிடக்கிறது. பதில் எழுதாத குற்றத்தை மறைக்கவே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்பாய்; சொல்லிக்கொள்.

ஒருவழியாக லண்டனில் உன் ‘மண்டையோட்டு மாளிகை’யைப் பார்த்துவிட்டேன். கிரேட் குயின் தெருவில் இருக்கும் ஃப்ரீமேசன் மண்டபத்தைத்தான், ரகசியச் சடங்குகளுக்குப் பேர்போன அந்தச் சகோதரச் சங்கத்தாரின் தலைமையிடத்தைத்தான் சொல்கிறேன். விடுதியில் விளக்கணைத்த பிறகு நீ அவிழ்த்துவிட்ட நிலவறைக் கதைகளையெல்லாம் நெஞ்சில் சுமந்துகொண்டு போனவனுக்கு, அருங்காட்சியகத்தில் கட்டணம்கூடக் கேட்காமல் வழிவிட்டது பெருத்த ஏமாற்றமாகிவிட்டது. ரகசியக் கைகுலுக்கலை என்னிடம் எவரும் எதிர்பார்க்கவில்லை என்று சபேசனிடம் தவறாமல் சொல்லிவிடு.

நடுவே இருப்பது 1,700 பேர் அமரக்கூடிய பெருங்கூடம். அதன் வெண்கலக் கதவு ஒவ்வொன்றும் ஒன்றேகால் டன் எடை. ஆனாலும் நிறுத்தியிருக்கும் நேர்த்தியால் உன்னைப் போன்ற நோஞ்சானே தள்ளித் திறந்துவிடலாம். விதானத்தின் நான்கு மூலைகளிலும் விவேகம், அடக்கம், துணிவு, நீதி ஆகியவற்றுக்கு உருவம் கொடுத்திருக்கிறார்கள். நான்கில் ஒன்றாவது நம் விடுதிக் காப்பாளரிடம் இருந்ததா என்று அண்ணாந்து பார்த்தபடியே யோசித்தேன்.

கேலி அங்கேயே முடிந்துபோயிற்று, கதிரேசா. அந்தக் கட்டடமே ஒரு நினைவுச்சின்னம் என்பது எனக்குத் தெரியாது. முதல் உலகப் போரில் மாண்ட 3,225 உறுப்பினர்களுக்காக, உயிரோடு இருந்தவர்கள் பணம் திரட்டி 1927இல் தொடங்கி 1933இல் முடித்திருக்கிறார்கள். மாண்டவர்களின் பெயர்ச் சுருளைத் தாங்கும் வெண்கலப் பேழை, நாணலிடையே கரை ஒதுங்கிய படகின் மேல் அமர்ந்திருக்கிறது. பயணம் முடிந்தது என்று பொருளாம். படைவீரர் உருவங்கள் மண்டியிட்டுக் காவல் இருக்கின்றன. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கால் வலித்த பிறகுதான் நகர்ந்தேன்.

திறந்தபோது அதற்கு அமைதி நினைவகம் என்று பெயர். 1939இல் அடுத்த போர் மூண்டதும் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வெறும் ஃப்ரீமேசன் மண்டபம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆறே ஆண்டு! குண்டு விழப்போகிற ஊரில் ‘அமைதி’ என்று எழுதிவைக்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். ஆயினும் அந்தச் சொல் மிகவும் தேவைப்பட்டது அந்த ஆண்டில்தானே என்று, திரும்பும் வழியெல்லாம், எனக்குச் சம்பந்தமே இல்லாத மனிதர்கள்மேல் கோபப்பட்டுக்கொண்டு வந்தேன்.

கட்டட நிதிக்குப் பத்து கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயப் பணம்) கொடுத்தவர்களுக்கு அன்று ஒரு பதக்கம் தந்திருக்கிறார்கள். இருபுறமும் 1914, 1918 என்ற எண்கள். நடுவில் சிறகு விரித்த அமைதித் தேவதை, கைகளில் ஒரு கோயிலைத் தாங்கி நிற்கிறாள். கட்டடத்தின் பெயரிலிருந்து இறக்கப்பட்டவள் பதக்கத்தில் அப்படியே இருக்கிறாள். நீ வரும்போது அழைத்துப்போய்க் காட்டுகிறேன். மண்டையோடு எங்கே என்று மட்டும் அங்கே கேட்டு என் மானத்தை வாங்காதே.

உன்,
ராமு