கேமராவைத் திருப்பி வைக்காதே, மக்களே

அன்புள்ள மகளே,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எதையாவது தொடங்கினால் "சரிப்பா, சரிப்பா, அம்மாட்ட குடுங்க" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். வண்டியில் போகும்போது வாசிக்காதே. ராத்திரி சாப்பிட்டு முடித்து நிதானமாக வாசி.

வீட்டில் எல்லாரும் சுகம். ஆனி மழை நன்றாகப் பெய்கிறது, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. தேங்காய் வெட்டியாச்சு. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு நீ வரவில்லை என்ற மனத்தாங்கல் அம்மாவுக்கு இன்னும் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னதை நான் நம்பினேன், அவள் நம்பவில்லை. இப்போது எனக்கும் சந்தேகமாக இருக்கிறது.

நீ குளியலறை ஜன்னல் திட்டில் முகத்தில் பூசுகிற ஃபவுண்டேஷன் குப்பி ஒன்றை விட்டுப் போயிருக்கிறாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் பின்னால் இருந்த பொடி எழுத்தை எல்லாம் வாசித்தேன். டைட்டானியம் டை ஆக்ஸைடு, சி.ஐ. 77891 என்று இருந்தது. சி.ஐ. என்பது நிறப்பொருளுக்குப் போடுகிற எண். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் மணலோடு கிடந்தவனுக்கு அந்தப் பேர் மறக்குமா? அலை ஒதுக்கும் கறுப்பு மணலைக் கழுவிக் காயவைத்து, காந்தத்தில் ஓடவிட்டு இல்மனைட் என்ற தாதுவைப் பிரித்து அனுப்புவோம். இல்மனைட்டை ஆலையில் பதப்படுத்தினால் கிடைக்கிற வெள்ளைப் பொடிதான் இது. சுவருக்கு அடிக்கிற பெயின்டிலும் இருக்கிறது. அடியில் என்ன நிறம் இருந்தாலும் மூடிவிடும், அதற்காகவே சேர்க்கிறார்கள். கூடவே 77491, 77492, 77499 என்று போட்டிருந்தது. அவை சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்ஸைடுகள். இந்த நாலையும் கூட்டிக் குறைத்துத்தான் ஷேடு ஷேடாக விற்கிறார்கள்.

உன் குப்பியில் வெள்ளை அதிகம், மக்களே. என் கையில் தேய்த்துப் பார்த்தேன், அம்மா கையிலும் தேய்த்துப் பார்த்தேன். நம் வீட்டில் யாருக்கும் சேராத நிறம். உன் கழுத்துக்கும் சேரவில்லை. அண்ணன் கல்யாண ஆல்பம் வந்துவிட்டது. அதில் உன் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். எல்லாரும் அழகாக இருக்கிறாய் என்கிறார்கள். நான் அந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிட்டேன்.

நான் மேக்கப்புக்கு எதிரி இல்லை. இதை முதலிலேயே புரிந்துகொள். ஆச்சி பூவாங்குருந்தல் சாற்றில் துணித்திரியை நனைத்துக் காயப்போட்டு, விளக்கெரித்துக் கரி பிடித்துக் கண்மை செய்வாள். அதை எழுதாமல் அவள் வாசல் தாண்டியதில்லை. அம்மாவுக்கு இன்றைக்கும் குட்டிக்கூரா பவுடர் இல்லாமல் திங்கள்நகர் சந்தைக்குப் போக முடியாது. அலங்காரம் செய்வது ஒரு சந்தோஷம், செய்துகொள். அண்ணன் கல்யாணத்துக்கு நீ கண் எழுதியிருந்த விதத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதுவும் ஒரு கைவேலைதான். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் விடியற்காலையில் நான் பல் தேய்க்கப் பின்கட்டுக்கு வந்தேன். நீ துவைக்கிற கல் பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் துவர்த்தை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். பெற்ற அப்பன்தானே நான்? என்னிடம் எதை மறைக்க?

அன்றையிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். வீடியோவில் கூப்பிட்டால் உன் அறை ஃபேன்தான் தெரிகிறது. கேட்டால் நெட் சரியில்லை என்கிறாய். உன்னோடு வந்து தங்கிப் போன தக்கலைச் சித்தி மகள் சொன்னாள், ஆறு மணி வண்டிக்கு நீ நாலரைக்கே எழும்புகிறாய், அறையில் மற்றப் பிள்ளைகள் கண் விழிக்கும் முன் முகத்தை முடித்துவிடுகிறாய் என்று. அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். ஒரு மணி நேர உறக்கத்தை விட்டுவிட்டு, கூட இருக்கிற பெண்களுக்கே தெரியாமல் முகத்தை மாற்ற வேண்டுமா? உனக்குப் பிடித்துச் செய்கிறாயா, பயந்து செய்கிறாயா? பிடித்துத்தான் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நீ ஒன்பதாம் வகுப்பில் நாகர்கோவிலில் மாவட்டப் பேச்சுப் போட்டிக்குப் போனாயே. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், வேர்த்து, எண்ணெய் வடிகிற முகமும் இரட்டைச் சடையுமாக மேடையேறினாய். நான் கடைசி வரிசையில் இருந்தேன். பேச ஆரம்பித்ததும் ஹாலில் ஒரு சத்தம் இல்லை. உன் முகத்தில் அன்றைக்கு ஒரு பொட்டு மட்டும்தான். போன வருஷம் உங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் முன்னால் நீதான் பேசினாய் என்று கேட்டபோது நான் தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். அந்தப் பேச்சும் அதே வாயிலிருந்து வந்ததுதான், அந்தக் குப்பியிலிருந்து இல்லை.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. மார்த்தாண்டத்தில் பார்லர் வைத்திருக்கிற பெரியப்பா மகளிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். உன் பேரைச் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்திருக்கும். அவளுக்கு இதுதான் பிழைப்பு, குறை என்று சொல்வதில் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. அவள் சொன்னது இது. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தாதே, நிறுத்தினால் ரெண்டாம் நாளே பயந்து பழையபடி பூசுவாய். முதலில் விட வேண்டியது ஃபவுண்டேஷனை. கண்மையையும் உதட்டுச் சாயத்தையும் வைத்துக்கொள், அவை போதும் முகம் எடுப்பாகத் தெரிய. பரு இருக்கிற இடத்திலோ கண்ணுக்குக் கீழேயோ மட்டும் கறையை மறைக்கிற கன்சீலரை விரல் நுனியால் ஒற்று, முகம் முழுக்க இழுக்காதே. லீவு நாளில் பால் வாங்கப் போகிறபோது ஒன்றும் போடாமல் போய்ப் பார். அப்புறம் ஆபீஸுக்கு வாரத்தில் ஒரு நாள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கடை லைட்டில் பார்த்து வாங்காதே, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் தாடை ஓரத்தில் தேய்த்துப் பார். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே கோடு தெரியாத ஷேடுதான் உன்னுடையது.

இன்னொன்றும் சொன்னாள், இதை நீ மனசில் வைத்துக்கொள். குறைத்த முதல் வாரம் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன, உடம்புக்குச் சுகமில்லையா? உறங்கவில்லையா?" என்று கேட்பார்களாம். கேட்கிறவர்களுக்கு உன்மேல் ஒரு வன்மமும் கிடையாது. தினமும் ஒரே மாதிரி பார்த்துப் பழகிய கண், அவ்வளவுதான். உனக்கே கண்ணாடியில் முகம் வாடிப்போன மாதிரி தெரியும், உன் கண்ணும் அப்படித்தானே பழகியிருக்கிறது. இந்த இடத்தில்தான் நிறையப் பிள்ளைகள் திரும்பிவிடுகிறார்களாம். நீ திரும்பாதே. "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார். கொஞ்ச நாளில் கேட்கிறதை விட்டுவிடுவார்கள்.

சன்ஸ்கிரீனை மட்டும் விடாதே. அது அலங்காரம் இல்லை, காப்பு. ஃபவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். என்கிற வெயில் காப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே, அந்த அளவுக்குக் காப்பு கிடைக்க வேண்டும் என்றால் நீ பூசுவதைவிட எவ்வளவோ தடிமனாகப் பூச வேண்டும். ராத்திரி முகத்தைக் கழுவாமல் படுக்காதே, எவ்வளவு நேரமானாலும் சரி. அம்மா எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்வாள், தேய்க்காதே. எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் புண்ணாகிக் கறுத்துவிடும். அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஆலங்கோட்டு மாமன் வந்திருந்தார், உன்னைக் கேட்டார். முட்டு வலிக்கு வைத்தியம் பார்க்கிறார். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இனி எழுதப் போவதுதான் என் நெஞ்சில் கிடக்கிறது. நீ ஊருக்குக் கிளம்பும்போது அம்மா உன் பையில் துணி அடுக்கினாள் அல்லவா, அப்போது ஒரு ட்யூபைப் பார்த்திருக்கிறாள். அட்டைப் பெட்டி இல்லை, லேபிள் பாதி கிழிந்திருந்ததாம். "மொமெட்டா" என்று ஏதோ வாசித்ததாகச் சொல்கிறாள். அது மொமெட்டசோன் என்றால், மக்களே, அது ஸ்டீராய்டு. அதோடு நிறத்தைக் குறைக்கிற ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயின் என்ற மருந்தும் சேர்த்து ஒரே ட்யூபில் வருகிறது. முகத்தில் திட்டாகப் படர்கிற மங்குக்கு டாக்டர் கொஞ்ச நாளைக்கு எழுதித் தருகிற மருந்து அது. அதை வெளுக்கிற கிரீம் என்று நினைத்து மாசக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் பளிச்சென்று ஆகும், எல்லாரும் நல்லா இருக்கிறாய் என்பார்கள். அப்புறம் தோல் மெலிந்து ரத்தக் குழாய் சிவப்பாகத் தெரியும், வெயிலில் எரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். திடீரென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து பொங்கும், அதற்குப் பயந்து திரும்பவும் பூசுவார்கள். ஹைட்ரோகுவினோனை ரொம்ப நாள் பூசினால் இருந்த நிறமும் கெட்டு நீலக் கறுப்பாகிவிடும். 2018-இல் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. அப்படியும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன.

பேர் ஊர் இல்லாத கிரீம் என்றால் இன்னும் மோசம். 2023-இல் மலப்புரத்தில் வெளுப்புக் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்ததும், அந்தக் கிரீமில் பாதரசம் இருந்ததும் பேப்பரில் வந்தது. காலில் நீர் கோர்த்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அவர்கள். முகத்தில் பூசியதுதான் காரணம் என்று யாருக்குத் தோன்றும்? உனக்குக் கால் வீக்கம் ஏதும் இல்லையே?

அன்றைக்கு நீ துவர்த்தால் மூடியது இதைத்தானா? முகம் சிவந்து கிடந்ததா? எனக்கு ஒரு நொடிதான் தெரிந்தது, அதுவும் இருட்டு. அதன்மேல் பூசி மறைக்கத்தான் நாலரைக்கு எழும்புகிறாயா?

புதுக்கடை ஊர்க்காரர்கள் உன்னைப் பெண் பார்க்க வந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்தான் எல்லாம் என்று நான் நினைக்கிறேன். அந்த அம்மாள் உன் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கத்து நிறத்தைப் பார்த்தார்கள். முற்றத்தில் இறங்கிச் சொன்னது உன் காதிலும் விழுந்தது. பிறகு நாம் மூன்று பேரும் அதைப் பேசவே இல்லை. அவர்கள்தான் உன்னை வேண்டாம் என்றார்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லை. மறுநாள் காலையிலேயே தரகரைக் கூப்பிட்டு, அந்த வீட்டுக்கு எங்கள் பிள்ளையைத் தர மாட்டோம் என்று நான்தான் சொன்னேன். அதற்கு அப்புறமும் அவர்கள் ஆள் விட்டார்கள். அப்போதும் அதே பதில்தான். நீ புது வேலையில் சேர்ந்த சமயம், குழப்ப வேண்டாம் என்று அம்மா சொன்னாள், அதனால் உன்னிடம் சொல்லவில்லை. இனி எவன் வந்தாலும் மணிக்கட்டைத் திருப்புகிறவர்களுக்கு நம் வீட்டில் சாயா கூடக் கிடையாது.

ஆச்சியின் நிறம்தான் உனக்கு. எனக்கும் அதே நிறம்தான். அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, உனக்கும் இல்லை.

இந்த வாரமே அங்கே தோல் டாக்டரைப் பார். ட்யூபைக் கையோடு கொண்டுபோய்க் காட்டு. எப்படி நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்வார், நீயாக ஒன்றும் செய்யாதே. அங்கே தெரிந்தவர் இல்லை என்றால் லீவு போட்டு நாகர்கோவில் வண்டி ஏறு. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் தோல் பிரிவு இருக்கிறது, நான் கூட வருகிறேன். ஆவணி வரைக்கும் தள்ளிப்போடாதே. பணம் வேண்டுமென்றால் சொல். ராத்திரி முகத்தைக் கழுவாமல் படுக்காதே.

அதுவரை எனக்கு ரெண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்த ட்யூபை யார் தந்தார்கள், எவ்வளவு நாளாகப் பூசுகிறாய். எழுத நேரம் இல்லை என்றால் ட்யூபின் ரெண்டு பக்கமும் எழுத்து தெரிகிற மாதிரி படம் எடுத்து, கடிதம் கிடைத்த அன்றைக்கே வாட்ஸாப்பில் அனுப்பு. அம்மாவுக்கு வேண்டாம், எனக்கு அனுப்பு.

அப்பா