ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து வந்த கையோடு

அன்புள்ள சேகருக்கு,

வாட்சாப்பில் கட்டைவிரல் காட்டியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டோம். அதற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், பாலு சொன்னான். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முட்டி ஒன்றுதான் தகராறு, காரணம் கீழே வருகிறது.

போன மாதம் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி போய்வந்தோம். மேற்கு வர்ஜீனியாவின் கிழக்கு மூலையில் ஜெஃபர்சன் கவுன்டி என்று ஒன்று, பெரும்பாலும் வயலும் பழத்தோட்டமும் சின்னச் சின்ன ஊர்களும்தான். ஷெனண்டோவா ஆறு பொட்டோமக் ஆற்றோடு சேருகிற முனையில் இந்த ஊர் இருக்கிறது. முனையில் நின்றால் மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மூன்றும் கண்ணுக்குத் தெரியும். 1783ல் தாமஸ் ஜெஃபர்சன் மேலே ஒரு பாறையிலிருந்து இதைப் பார்த்துவிட்டு, இதற்காக அட்லாண்டிக்கைத் தாண்டியே வரலாம் என்று எழுதினார். அந்தப் பாறை அப்புறம் ஆட்டம் கண்டு, இப்போது நாலு கல்தூண் முட்டுக்கொடுத்து நிற்கிறது. நம் ஹாஸ்டல் கட்டிலுக்கு நீ செங்கல் வைத்தாயே, அதே ஞாபகம்தான் வந்தது.

பிள்ளைகளுக்கு வரலாறெல்லாம் வேண்டாம், ஆறு போதும். காற்றடித்த ரப்பர் டியூபில் உட்கார வைத்து ஷெனண்டோவாவில் விட்டுவிடுகிறார்கள். கோடையில் தண்ணீர் குறைவு, ஒவ்வொரு பாறையும் நம் பின்பக்கத்தை விசாரித்துவிட்டுத்தான் வழிவிடுகிறது. நான் கத்தினேன், அவர்கள் சிரித்தார்கள். மறுநாள் ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாதையில் பொட்டோமக்கைக் கடந்து மேரிலாந்து ஹைட்ஸ் ஏறினோம், முட்டி போனது அங்கேதான். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரைக்கும் போகும் 3,500 கிலோமீட்டர் அப்பலாச்சியன் நடைபாதையும் இதே பாலத்து வழியாகத்தான் போகிறது. தாடியும் மூட்டையுமாய் ஒரு பையன் என்னைத் தாண்டிப் போகும்போது என் கைத்தடியைப் பார்த்துத் தைரியம் சொல்லிவிட்டுப் போனான், சேகர், எனக்கு!

மேலே ஏறினால்தான் ஒன்று புரிகிறது. சுற்றிலும் உள்ள மேடுகளை விட்டுவிட்டால் கீழே ஊரைக் காப்பாற்றவே முடியாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பரில், தெற்குப் படைத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன் இந்த மேடுகளில் பீரங்கிகளை ஏற்றினார், 12,000க்கு மேல் வடக்குப் படையினர் சரணடைந்தார்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

அடிமை முறையை எதிர்த்த வெள்ளைக்காரர் ஜான் பிரௌன் கதை உனக்குத் தெரியும். 1859 அக்டோபர் 16 இரவு, 21 பேரோடு வந்து இங்கிருந்த அரசாங்க ஆயுதசாலையைப் பிடித்தார். அந்தத் துப்பாக்கிகளைக் கொண்டு அடிமைகளை விடுவிப்பது திட்டம். தீயணைப்பு எஞ்சின் கொட்டகைக்குள் ஒதுங்கியவரை ராபர்ட் லீ தலைமையில் வந்த படை பிடித்தது, டிசம்பர் 2 அன்று பக்கத்து சார்ல்ஸ் டவுனில் தூக்கு. அந்தக் கொட்டகையை அப்புறம் பிரித்து 1893 கண்காட்சிக்காக சிகாகோவுக்குக் கொண்டுபோய், அங்கே சீந்த ஆளில்லாமல் திரும்பக் கொண்டுவந்து, ஒரு பண்ணையில் வைத்து, கல்லூரியில் வைத்து, 1968ல்தான் பழைய இடத்துக்கு அருகே சேர்த்தார்கள்.

அந்த இரவில் உயிரை வாங்கிய குண்டு முதலில் யாருக்குப் பட்டது தெரியுமா? ஹேவர்ட் ஷெப்பர்டுக்கு. கறுப்பர், அடிமை இல்லை, ரயில் நிலையத்தில் மூட்டை பார்க்கிறவர். பாலத்து வாட்ச்மேனைக் காணோமே என்று தேடிப் போனார், நில் என்றார்கள், திரும்பி நடந்தார், சுட்டுவிட்டார்கள். விடுதலை கொடுக்க வந்தவர்களின் குண்டு ஏற்கெனவே விடுதலையாய் இருந்த கறுப்பரின் உயிரை வாங்கியது. இதை எந்தப் பக்கமிருந்து சொன்னாலும் இடறுகிறது.

1931ல், தெற்குப் படையினரின் வாரிசுச் சங்கங்கள் இரண்டு அவர் பேரில் இங்கே ஒரு கருங்கல் நட்டன. ஷெப்பர்டையும் அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களையும் விசுவாசிகள் என்று புகழ்கிறது கல். அதாவது அடிமைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள் என்பதற்கு இவர் சாட்சி! கறுப்பர்களுக்காக 1867ல் தொடங்கிய ஸ்டோரர் கல்லூரியின் தலைவரே அந்த விழாவில் கலந்துகொண்டார். அதே கல்லூரியின் இசை ஆசிரியை பெர்ல் டாட்டன் நிகழ்ச்சி நிரலில் இல்லாமலே எழுந்து, என் அப்பா வடக்குப் படையில் என் மக்களின் விடுதலைக்காகச் சண்டை போட்டவர் என்று சொன்னார். அந்த அம்மாவை நினைத்துக்கொண்டே கல் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். எல்லோரும் கை தட்டும் கூட்டத்தில் எழுந்து நிற்க நமக்கு வருமா? நம் கல்லூரி ஆண்டு விழா ஞாபகம் இருக்கிறதல்லவா, வேண்டாம், அதை விடு.

மறு வருஷம் கறுப்பர் உரிமைக்குப் போராடிய அறிஞர் டுபாய்ஸ் பிரௌனைப் புகழ்ந்து பதில் பலகை ஒன்று கொண்டுவந்தார், கல்லூரி வைக்க மறுத்தது. 2006ல்தான் இடம் கிடைத்தது. ஆனால் அதில் உள்ளது பிரௌனும் அவரோடு சண்டை போட்டவர்களும். ஷெப்பர்டைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான். செங்கத்து நடுகல்லில் மாடு மீட்கப் போய்ச் செத்தவன் யார், எங்கே விழுந்தான் என்று இருக்கும் என்பாய். இங்கே ஒரு கல் அவரை இழுத்துக்கொள்கிறது, ஒரு பலகை விட்டுவிடுகிறது. காணாமல் போன சக வேலைக்காரனைத் தேடிப் போனவர் என்று யாரும் கல்லில் வெட்டவில்லை.

அந்தக் கல்லைச் சில காலம் பலகை அடித்து மூடியும் வைத்திருந்தார்கள், இப்போது பக்கத்தில் விளக்கப் பலகையோடு திறந்திருக்கிறது. எடுத்தெறியாமல் விட்டது சரி என்பது என் கட்சி. கமலாவுக்கு அப்படி இல்லை, காரில் வீடு வரை சண்டை. நீ யார் பக்கம் என்று எழுது, உன் பதிலை அவளுக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன்.

அப்புறம், உன் பெண்ணுக்குக் கவுன்சிலிங்கில் என்ன கிடைத்தது? பாலு பொறியியல் என்கிறான், ஜெயா சட்டம் என்கிறாள், நீயோ வாயே திறப்பதில்லை. நேரம் இருக்கும்போது போன் பண்ணு, உங்கள் காலை எனக்கு ராத்திரி, பரவாயில்லை.

அன்புடன்,
இளங்கோ