துபாய் வாக்கு செல்லும், எதிர்வீட்டு வாக்கு செல்லாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஓர் அறக்கட்டளை, செல்லூரில் நலப்பணி ஒன்றுக்கு நிதி தருவதாகவும், அது எந்தப் பணி என்பதைப் பொதுமக்களே அலைபேசி வழியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் அறிவித்தது. மாணவர்களுக்கான மாலைநேரப் படிப்பகமும், மழை பெய்தால் தண்ணீர் ஏறும் எங்கள் அங்கன்வாடியின் தரையை உயர்த்திக் கழிவறை கட்டும் பணியும் கடைசிவரை போட்டியில் நின்றன. படிப்பகம் வென்றது. அது வேண்டாத பணி என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் குறை, வாக்கெடுப்பு நடந்த விதத்தைப் பற்றியது.

துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி மகன், நான் கேட்டுக்கொண்டதால், அங்கன்வாடிக்கு வாக்களித்தான். மதுரையையே பார்த்திராத அவனுடைய அறைத் தோழர்கள் நால்வரும் அவனுக்காகப் போட்டார்கள். எதிர்த்தரப்பு இதையே எங்களைவிடச் சாமர்த்தியமாகச் செய்தது, அவ்வளவுதான். ஆனால், 2024 அக்டோபரில் செல்லூர் கண்மாய் நிரம்பிப் பந்தல்குடி வாய்க்கால் பெருக்கெடுத்தபோது, அரிசி மூட்டையைக் கட்டிலின்மேல் ஏற்றிவைத்துவிட்டு, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு விடிய விடிய நின்ற என் எதிர்வீட்டு இட்லிக்கடை அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அந்தப் பேரன் படிக்கும் அங்கன்வாடிக்கு அவரால் வாக்களிக்க முடியவில்லை.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் மாநகராட்சி நிதியைப் பங்கிடுவதில் மக்களையும் சேர்த்துக்கொண்டபோது, பகுதிதோறும் கூட்டம் போட்டுப் பேசித்தான் முடிவெடுத்தார்கள். அத்துடன், எங்கே வசதி குறைவோ அந்தப் பகுதிக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் தரப்பட்டது. அவ்வளவு தொலைவு போவானேன், பக்கத்துக் கேரளத்தில் 1996-இல் தொடங்கிய, உள்ளூர்ப் பணிகளை மக்களே திட்டமிடும் ‘மக்கள் திட்டமும்’ கிராம சபையில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதிலிருந்தே ஆரம்பித்தது.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, அதில் குறிப்பிட்ட அளவை எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்; அதிலும் தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். பணத்தில் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்றால், இத்தகைய வாக்கெடுப்புகளிலும் அதுதானே முறை?

தமிழக நகரங்களில் 2022 நவம்பர் முதல், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே ஒவ்வொரு பணியின் மதிப்பீட்டையும் வாசித்துக் காட்டி, வாக்காளர் அட்டையைப் பார்த்துத் துண்டுச் சீட்டில் வாக்கு வாங்கினால் என்ன? கவுன்சிலரின் ஆட்களே கூட்டத்தை நிரப்பிவிடுவார்கள் என்பார்கள். நிரப்பட்டும், அவர்களும் மழைக்காலத்தில் இதே தெருத் தண்ணீரில் நடக்கிறவர்கள்தாம்.

அடுத்த சுற்று எப்போது என்று இன்னும் அறிவிக்கவில்லை. அதற்குள், இந்தமுறை பதிவான வாக்குகளில் செல்லூரிலிருந்து வந்தவை எத்தனை என்பதையாவது அறக்கட்டளையினர் வெளியிட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
செல்லூர், மதுரை.