'அரசியல் வேண்டாம்' என்று போர்டு மாட்டிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நம் கிளானின் (சேர்ந்து கேம் ஆடும் நம் குழுவின்) டிஸ்கார்ட் அரட்டை சர்வரில் நீ போட்டிருக்கும் புது விதியைப் பார்த்தேன். 'இனம், அரசியல் எதுவும் இங்கே பேசக் கூடாது. விளையாட மட்டும் வாருங்கள்.' கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அன்று இரவு நடந்த சண்டையில் இரண்டு பேர் எழுதியதையும் அழித்து, இருவரையும் மியூட் செய்து (எழுத முடியாமல் தடுத்து)விட்டு, "நான் செஞ்சது நியாயம்தானே அண்ணா?" என்று கேட்டாய். பதிலைத் தனியாகவே அனுப்பியிருக்கலாம். இதே தலைவலியோடு சர்வர் நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை, கவலைப்படாதே.

நியாயம் இல்லை என்பதுதான் என் பதில். அதற்காக உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. மாட் வேலை, அதாவது சர்வரைக் கண்காணிக்கும் மாடரேட்டர் வேலை, சம்பளமில்லாத வேலை. களைத்துப் போய் வந்து ரெண்டு மேட்ச் ஆடலாம் என்று உட்கார்ந்தால், யாரோ இருவர் அடித்துக்கொண்டதை நடுராத்திரி வரை படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மொத்தமாக அழித்துவிட்டால் நிம்மதி என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் நீ அழித்த இரண்டும் ஒரே வகை இல்லையே. ஒருவன் தன் டீமில் இருந்தவனின் தோல் நிறத்தையும் அவன் ஆங்கிலம் பேசுகிற விதத்தையும் மைக்கில் கேலி செய்தான், பிறகு அதையே டைப்பும் செய்தான். கேலிக்கு ஆளானவன், 'இவன் ஒவ்வொரு மேட்சிலும் இதைத்தான் செய்கிறான், யாருமே கேட்க மாட்டீர்களா?' என்று எழுதினான். உன் கணக்கில் அதுவும் அரசியல், இதுவும் அரசியல். அவன் என்ன செய்திருந்தால் உன் விதிக்குள் அடங்கியிருப்பான்? வாயை மூடிக்கொண்டு அடுத்த ரவுண்டு ஆடியிருந்தால்தான்.

2016 மே மாதம் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் டிரீம்ஹேக் என்ற கேமிங் போட்டி நடந்தது. ஹார்த்ஸ்டோன் என்ற கார்டு கேம் பிரிவில் இறுதிவரை போய் இரண்டாம் இடம் பிடித்தவர் டெரன்ஸ் மில்லர் என்ற கறுப்பின வீரர். அவர் திரையில் வந்தபோதெல்லாம் ட்விட்ச் தளத்தில் ஓடிய நேரலையின் சாட் இனவசைகளால் நிரம்பி வழிந்தது. ஒரு கறுப்பினத்தவரின் முகம் கொண்ட இமோட்டை (சாட்டில் போடும் குட்டிப் படத்தை)க்கூட வசையாக மாற்றி ஆயிரக்கணக்கில் கொட்டினார்கள். இதில் டெரன்ஸ் மில்லர் பேசிய அரசியல் என்ன? உட்கார்ந்து கார்டு ஆடினார். கேமராவில் முகம் தெரிந்தது. அவ்வளவுதான் அவர் பங்கு.

இந்த ஒரு சம்பவத்தை நீ மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கடிதத்தைப் படிக்காமலேகூட விடலாம். இன வாக்குவாதம் என்று நாம் சொல்கிறவற்றில் பாதி, இரண்டு பேருக்கு இடையிலான கருத்து வேறுபாடே கிடையாது. ஒருவன் சும்மா இருக்கிறான், இன்னொருவன் அடிக்கிறான்.

முகம் தெரியாத கேம்களிலும் இது நடக்கிறது. மைக்கை ஆன் செய்த அடுத்த நொடி குரலையும் உச்சரிப்பையும் வைத்து ஆளை எடைபோட்டுவிடுவார்கள். 2000களின் நடுவில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் கேம் காசைச் சேர்த்து நிஜக் காசுக்கு விற்கிற 'கோல்டு ஃபார்மர்'கள் பெருகினார்கள். அவர்களில் பலர் சீனத் தொழிலாளர்கள். அது கேமின் பொருளாதாரத்தைக் கெடுத்தது உண்மை, ஆடுகிறவர்களுக்கு எரிச்சல் வந்ததும் நியாயமே. ஆனால் அந்த எரிச்சல் எங்கே போய் நின்றது தெரியுமா? தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுப்பது, பதில் திக்கித் திணறி வந்தால் 'சீன ஃபார்மர்' என்று முத்திரை குத்தி, கேமுக்குள் அவர் கேரக்டரைக் கொல்வது. உண்மையில் காசு விற்கிறவன் யார், ஆசைக்கு ஆடுகிறவன் யார் என்று யார் விசாரித்தார்கள்? காசைக் கொடுத்து வாங்கிய பணக்கார ஆட்டக்காரர்களை யாரும் இப்படித் தேடிப் போய் வேட்டையாடவில்லை என்பதையும் கவனி.

சரி, உன் பக்கத்து வாதத்துக்கு வருகிறேன். 'முன்னெல்லாம் கேமில் அரசியலே இல்லை, இப்போதுதான் திணிக்கிறார்கள்' என்று நம் சர்வரில் வாரம் ஒருவர் எழுதுகிறார். அது சரியில்லை. மோனோபோலி என்ற பலகை விளையாட்டுக்கு மூலமான விளையாட்டை எலிசபெத் மேகி என்ற பெண் உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்றார். நிலத்தைக் குவித்து வைத்திருப்பவர்கள் மற்றவர்களை எப்படி உறிஞ்சுகிறார்கள் என்று காட்டத்தான் அதைச் செய்தார். 1980இல் வந்த 'மிசைல் கமாண்ட்' வீடியோ கேமில் அணுகுண்டுகளிடமிருந்து நகரங்களைக் காப்பாற்ற வேண்டும், கடைசியில் எப்படியும் தோற்கத்தான் வேண்டும். 2002இல் அமெரிக்க ராணுவமே ஆள்சேர்ப்புக்காக 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற கேமை இலவசமாக வெளியிட்டது. அரசாங்கமே தன் படைக்கு ஆள் பிடிக்கச் செய்த கேமை ஆனந்தமாக ஆடியவர்களில் சிலர், ஒரு கறுப்பினக் கதாபாத்திரம் முன்னால் வந்தால் மட்டும் அரசியல் புகுந்துவிட்டது என்கிறார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேட்ரிட்ஜை (கேம் பதிந்த பெட்டியை) மாற்றி மாற்றி ஆடும் முதல் கன்சோலான ஃபேர்சைல்டு சேனல் எஃப் 1976இல் வந்தது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜெர்ரி லாசன் ஒரு கறுப்பினப் பொறியாளர். 'இவங்க எல்லாம் எப்போ உள்ளே வந்தாங்க' என்று யாராவது கேட்டால் அந்த ஆண்டைச் சொல்.

அதற்காக எதிர்த்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி முத்திரை குத்துகிற கூட்டமும் நம் சர்வரிலேயே இருக்கிறது, அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. 'இந்தக் கேமில் வசனம் மட்டம்' என்று ஒருவன் சொன்னால் வசனம் மட்டம் என்றுதான் அர்த்தம். உடனே பத்துப் பேர் பாய்ந்து அவன் குணத்தை ஆராயத் தேவையில்லை.

ஜப்பானியக் கதைக்குக் கறுப்பின நாயகனா என்று எழுந்த யாசுகே சண்டையை எடுத்துக்கொள். 2025 மார்ச்சில் வந்த அசாசின்ஸ் கிரீட் ஷாடோஸ் என்ற கேமின் இரண்டு நாயகர்களில் ஒருவர் யாசுகே. 1581இல் ஜப்பானியப் போர்த்தலைவர் ஒடா நொபுனாகாவிடம் சேர்ந்து, அடுத்த ஆண்டு நொபுனாகா கொல்லப்படும்வரை உடனிருந்த ஆப்பிரிக்கர். நிஜ மனிதர், அக்காலப் பாதிரிமார்களின் கடிதங்களிலேயே அவரைப் பற்றிய குறிப்பு உண்டு. அவரைச் சாமுராய் என்று சொல்லலாமா என்பது ஆவணங்களை வைத்துப் பேச வேண்டிய கேள்வி, தாராளமாகப் பேசலாம். ஜப்பானிலிருந்து வந்த புகார்களிலும் சில நியாயமானவை. அங்குள்ள ஒரு வரலாற்று நடிப்புக் குழுவின் கொடியை அனுமதியில்லாமல் கேமின் ஓவியத்தில் போட்டுவிட்டு கேமைத் தயாரித்த யுபிசாஃப்ட் மன்னிப்புக் கேட்டது. கோயிலுக்குள் பொருள்களை உடைக்க முடிகிறதே என்ற ஆட்சேபம் அந்நாட்டு நாடாளுமன்றம் வரை போனது. இதையெல்லாம் பேசுகிறவர்களின் வாயை உன் விதி அடைக்கிறது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் நம் சர்வரில் வந்தவற்றை நினைத்துப் பார். எத்தனை பேர் ஆவணம் பேசினார்கள், எத்தனை பேர் குரங்குப் படம் போட்டார்கள்? இதே தொடரின் இரண்டாம் பாகத்தில், 2009இல், நாயகன் வாட்டிகனுக்குள் புகுந்து போப்பாண்டவரோடு கைச்சண்டை போடுகிறான். அப்போது 'வரலாற்று ஆதாரம் எங்கே' என்று நம்மில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கிங்டம் கம்: டெலிவரன்ஸ் என்ற கேமின் கதை இதைவிடச் சுவாரசியமானது. 2018இல் வந்த முதல் பாகம் 1403ஆம் ஆண்டு பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டில்) நடக்கிறது. வெள்ளையர் அல்லாதவர் ஒருவர்கூட இல்லையே என்று ஒரு தரப்பு கேட்டது. அந்த வட்டாரம் அப்போது அப்படித்தான் என்று செக் நாட்டுத் தயாரிப்பாளர்கள் பதில் சொன்னார்கள். உடனே இன்னொரு தரப்பு அவர்களைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. 2025இல் இரண்டாம் பாகத்தில் மாலி தேசத்திலிருந்து வந்த மூசா என்ற அறிஞரை அதே ஆட்கள் சேர்த்தபோது, கொண்டாடிய தரப்பில் பலர் 'விலைபோய்விட்டார்கள்' என்று திட்டத் தொடங்கினார்கள். வரலாற்றுத் துல்லியம்தான் கவலை என்றால், மூசா வருவதற்கு எழுதியிருக்கும் கதைக்காரணம் சரியா தவறா என்றல்லவா பார்த்திருக்க வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ரஸ்ட். கையில் ஒரு கல்லோடு நிர்வாணமாகக் கடற்கரையில் எழுந்து உயிர் பிழைக்கிற கேம். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே வழுக்கைத் தலை வெள்ளைக்கார உடல். 2015இல் ஃபேஸ்பஞ்ச் நிறுவனத்தின் கேரி நியூமன் அதை மாற்றினார். கேம் வாங்கும் தளமான ஸ்டீமில் உனக்கு இருக்கும் கணக்கை வைத்து கேமே உனக்கு ஒரு நிறத்தைக் கொடுத்துவிடும், மாற்ற முடியாது. அடுத்த ஆண்டு ஆணா பெண்ணா என்பதும் அப்படியே. பார்த்தவுடன் ஆளை அடையாளம் தெரிய வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். 'எனக்குப் பிடித்த உருவத்தை நான் தேர்ந்தெடுக்க முடியாதா' என்று பெரிய கூச்சல் எழுந்தது. அந்தக் கோபம் போலி என்று நான் நினைக்கவில்லை. தன்னைப் போல இல்லாத உடலுக்குள் மணிக்கணக்கில் இருக்கச் சொன்னால் யாருக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும். கேம் ஆடத் தொடங்கிய நாள்முதல் வேறு வழியில்லாமல் அப்படியே ஆடிப் பழகியவர்கள் உலகத்தில் பாதிக்குமேல் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்திருக்கும். உறைக்காதவர்கள் வேறு கேமுக்குப் போய்விட்டார்கள்.

நிஜமான அரசியல் பேச்சு சர்வருக்குள் வந்தால் என்ன செய்வது என்று கேட்பாய். 2019 அக்டோபரில் பிளிட்ஸ்சங் என்ற ஹாங்காங் வீரர், ஹார்த்ஸ்டோன் மேட்ச் முடிந்த பேட்டியில் முகமூடி அணிந்து ஹாங்காங் போராட்டத்தின் முழக்கத்தைச் சொன்னார். அந்தக் கேமை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம் அவருக்கு ஓராண்டு தடை விதித்துப் பரிசுப் பணத்தையும் நிறுத்தியது. உலகமெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு தடையை ஆறு மாதமாகக் குறைத்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பேட்டியில் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று விதி வைப்பது அவர்கள் உரிமை, அதில் எனக்குத் தகராறு இல்லை. ஜெயித்த பணத்தைப் பிடுங்கியது அநியாயம். அவர் யாரையும் வசைபாடவில்லை, தவறான நேரத்தில் பேசினார் என்று வேண்டுமானால் சொல்லலாம். நேரம் தவறிப் பேசியவனுக்கும் பிறப்பைச் சொல்லித் திட்டியவனுக்கும் ஒரே தண்டனை கொடுத்தால், அடுத்த முறை திட்டுகிறவன் ஏன் யோசிக்கப் போகிறான்?

இனி என்ன செய்யலாம்? விதியில் தலைப்பைத் தடை செய்யாதே, நடத்தையைத் தடை செய். 'இந்தக் கேமில் இந்தக் கேரக்டர் எதற்கு' என்று ஒருவன் கேட்டால், கேள்வி எவ்வளவு மொக்கையாக இருந்தாலும் விட்டுவிடு. 'உன்னை மாதிரி ஆளெல்லாம் எதற்கு' என்று டீமில் இருப்பவனைக் கேட்டால் அங்கே நிறுத்து. கலாய்ப்பதற்கும் இதே அளவுகோல்தான். அவன் குறிபார்த்துச் சுடத் தெரியாததைக் கலாய், என்னையும் கலாய், நான் அதற்குத் தகுதியானவன்தான். தோலையும் குரலையும் தொடாதே. வாக்குவாதங்களுக்குத் தனி சேனல் ஒன்று திறந்து ஸ்லோ மோட் போட்டுவை. பத்து நிமிடத்துக்கு ஒரு மெசேஜ்தான் என்றால் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடும், மீதிப் பேர் கொஞ்சம் யோசித்து எழுதுவார்கள்.

தண்டிக்கும்போது காரணத்தைச் சொல், எந்த வார்த்தைக்காக என்று காட்டு. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸை நடத்தும் ரயட் கேம்ஸ் தன் ஆட்டக்காரர்களை நீண்டகாலம் ஆராய்ந்து கண்டது இது: மோசமான நடத்தையில் பெரும்பகுதி நிரந்தரப் பொறுக்கிகளிடமிருந்து வருவதில்லை. மற்ற நாள்களில் ஒழுங்காக ஆடுகிறவர்கள், ஏதோ ஒரு நாள் எரிச்சலில் கொட்டுவதுதான் அதிகம். அப்படிப்பட்டவனுக்கு அவன் எழுதியதையே எடுத்துக் காட்டி உடனே சொன்னால் பலர் திருந்துகிறார்கள். காரணம் சொல்லாமல் மியூட் செய்தால், தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று புலம்பிக்கொண்டு திரும்பி வருவான். நீ மியூட் செய்த இருவரில் ஒருவன் இப்போது அப்படித்தான் இருக்கிறான். இன்னொருவன் புலம்பவில்லை, சர்வரைவிட்டே போய்விட்டான்.

போனவனுக்கு நீ ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். திரும்பி வா என்று கெஞ்ச வேண்டாம், விளக்கமும் நீளமாக வேண்டாம். 'உன் கேள்வியை அழித்தது தப்பு, யாரைத் தண்டித்திருக்க வேண்டுமோ அவனைத் தண்டித்திருக்கிறேன்' என்றால் போதும். அப்புறம், இந்த வேலையைத் தனியாகச் செய்யாதே. வேறு நேரத்தில் விழித்திருக்கும் இன்னும் இரண்டு பேரை மாட் ஆக்கு. ஒன்று மட்டும், வசை வாங்குகிறவனையே கூப்பிட்டு 'நீயே கண்காணி' என்று தலையில் கட்டாதே. அவனும் நம்மைப் போல ஆடத்தானே வருகிறான்.

புது விதியை எழுதி முடித்ததும் போடுவதற்கு முன் எனக்கு ஒரு தடவை அனுப்பு. என்னை மாட் ஆகச் சொல்லாதே, வாய்ஸ் சாட்டில் யார் எல்லை மீறினாலும் நேரம் குறித்து உனக்கு ரிப்போர்ட் செய்கிற வேலையை வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்